கொட்டாங்கச்சிக்குள் கலமாய்: ஹக்னாவுக்கே போய்ப் பார்ப்பது வீணா?

கேள்விக்காரர் | பிப்ரவரி 3, காலை 10:12
பிலிப்பைன்ஸில் செபு போகிறோம், அதில் போஹோல் தீவுக்கு 2 நாள். கொட்டாங்கச்சியில் அடைத்து சிவப்புத் தாள் ஒட்டிய கலமாய் என்ற இனிப்பை, அது செய்கிற ஹக்னா ஊருக்கே போய்ப் பார்க்க ஆசை. கூட வருகிறவர் வேண்டாம் என்கிறார். போஹோலின் தலைநகர் தக்பிலாரன் கடைகளிலேயே கிடைக்குமாம், அதோடு அது லெய்த்தேயின் பினாகோல்தானாம், பெயர் மட்டும் வேறாம். சரியா?

சட்டுவம் | பிப்ரவரி 3, காலை 11:05
கடையில் கிடைக்கும் என்பது சரி. பினாகோல் என்பது தப்பு.

பினாகோல் லெய்த்தே தீவின் தகாமி ஊர்ச் சரக்கு. அதில் அரிசி முக்கியமில்லை, கிழங்குதான். சதுப்பில் வளரும் பெரிய சேம்பு வகை ஒன்றைத் துருவி, தேங்காய்ப்பால், பால், சர்க்கரை சேர்த்து, அரை ஓட்டில் நிரப்பி, வாழையிலையால் மூடிக் கயிறு கட்டி வேகவைப்பார்கள். அங்கே ஓடுதான் பாத்திரம், சரக்கு அதற்குள்ளேயே வேகிறது. கலமாயில் ஓடு வெறும் டப்பா. பெரிய இரும்புச் சட்டியில் கிண்டி முடித்த பிறகுதான் ஓட்டுக்கு வருகிறது. ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை, அவ்வளவுதான். சிலர் வேர்க்கடலையோ வெனிலாவோ சேர்ப்பார்கள்.

கண்ணால் பிரிப்பது சுலபம். வாழையிலையும் கயிறும் இருந்தால் பினாகோல். இரண்டு அரை ஓடுகளை முழுத்தேங்காய் மாதிரி பொருத்தி, மூட்டைச் சுற்றிச் சிவப்புப் பட்டி ஒட்டியிருந்தால் ஹக்னா கலமாய்.

உருளி | பிப்ரவரி 3, மதியம் 1:30
பெயரிலேயே விடை இருக்கிறது. பாகோல் என்றால் கொட்டாங்கச்சி. நடுவில் 'இன்' நுழைத்தால் பினாகோல், அதாவது கொட்டாங்கச்சியில் இட்டது.

சட்டுவம் | பிப்ரவரி 3, இரவு 8:40
போகிற வழி. தக்பிலாரனில் தாவோ பேருந்து நிலையம், ஐலண்ட் சிட்டி மால் பக்கத்தில். அங்கிருந்து தெற்குக் கடற்கரையை ஒட்டிக் கிழக்கே போகிற சாலையில் சுமார் 63 கிலோமீட்டர். பேருந்தில் 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்லாயோன், அல்புர்கெர்கே, லோவாய், லீலா, திமியாவோ, வலென்சியா, கார்சியா எர்னாந்தெஸ், அடுத்தது ஹக்னா. ஹக்னா துறைமுக ஊர். கமிகின் தீவுக்கும் ககயான் தே ஓரோவுக்கும் அங்கிருந்து கப்பல் உண்டு. தெற்கே மிந்தனாவ் தீவுப் பக்கம் போகிற திட்டம் இருந்தால் அதே பயணத்தில் கலமாயையும் முடித்துவிடலாம், திரும்பி வரத் தேவையில்லை.

எழுத்தில் 'ஜ' வருகிறதே என்று நடத்துநரிடம் "ஜக்னா" என்று கேட்காதீர்கள். ஸ்பானிய எழுத்து முறை அது, வாயில் "ஹக்னா".

உருளி | பிப்ரவரி 3, இரவு 9:02
வேடிக்கை என்னவென்றால், போஹோல் பேச்சில் பல இடங்களில் 'ய' வாயில் 'ஜ' ஆகிவிடும். செபுவில் "மாயோங் புந்தாக்" என்கிற காலை வணக்கம் அங்கே "மாஜோங்" என்று விழும். எழுதின ஜ-வை ஹ என்பார்கள், எழுதாத இடத்தில் ஜ போடுவார்கள்.

சட்டுவம் | பிப்ரவரி 4, காலை 6:50
கடையில் கிடைப்பதை ஏன் அங்கே போய் வாங்க வேண்டும் என்பதற்கு என் பதில்: கலமாயில் வாங்குகிறவர் சோதிக்கிற மாதிரி எதுவுமே வெளியே தெரியாது. ஓடு மூடியிருக்கும், தாள் ஒட்டியிருக்கும். என்றைக்குக் கிண்டியது, எவ்வளவு வற்றியது, ஓடு காய்ந்திருந்ததா, ஒன்றும் தெரியாது. சட்டிக்குப் பக்கத்தில் 20 நிமிடம் நின்றால் இந்த மூன்றும் தெரிந்துவிடும். கான்-உபாவ் என்கிற கிராமப் பகுதிதான் இதற்குப் பேர் பெற்றது. இது வீட்டுத் தொழில், பெயர்ப்பலகை வைத்த ஆலையைத் தேடாதீர்கள். வாசலில் நின்று "ஆயோ!" என்று குரல் கொடுப்பது அந்தப் பக்க வழக்கம். வயதில் மூத்த பெண்ணை "நாங்", ஆணை "நோங்" என்று அழைக்கலாம். "தக்பிலா?" என்றால் என்ன விலை.

காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் போனால் ஓட்டில் தாள் ஒட்டுவதைத்தான் பார்க்க முடியும். அதுவும் பார்க்கத் தக்கதுதான், ஆனால் பதம் தெரியாது.

கேள்விக்காரர் | பிப்ரவரி 4, காலை 9:15
சட்டிக்குப் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்? எனக்கு எல்லாம் பழுப்புக் கூழாகத்தான் தெரியும்.

சட்டுவம் | பிப்ரவரி 4, இரவு 10:20
முதலில் துடுப்பு விழுகிற தடம். பாதி வெந்த கூழில் துடுப்பு போட்ட கோடு உடனே மூடிக்கொள்ளும். பதம் நெருங்கும்போது கோடு திறந்தே நிற்கும், அடிச்சட்டி ஒரு நொடி தெரியும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கிற கலவை. தண்ணீர் வற்ற வற்ற, துளிகளைத் தாங்க இடமில்லாமல் எண்ணெய் வெளியே வருகிறது. அல்வா நெய் கக்குகிற அதே நேரம். ஓரங்களில் பளபளப்பு வந்து, மொத்தமும் சட்டியை விட்டு ஒரே உருண்டையாகப் புரண்டால் இறக்கலாம். ஆனால் எண்ணெய் எப்போது வருகிறது என்பதுதான் பேச்சு. கிண்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மேலே எண்ணெய் மிதந்தால் அது பதமில்லை, தீ அதிகமாகிப் பால் திரிந்திருக்கிறது. அந்தச் சட்டிக் கலமாய் கையில் வழுக்கும், வாயில் மணல் மாதிரி இருக்கும்.

மூன்றாவது குமிழ். தொடக்கத்தில் சின்னச் சின்னதாக நிறைய. போகப்போக எண்ணிக்கை குறைந்து, பெரிதாக ஊதி "பொத்" என்று வெடிக்கும். அந்த நேரத்தில் கிட்டே குனியாதீர்கள். சர்க்கரைப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. துடுப்பு ஆள் உயரத்துக்கு இருப்பதே அதற்காகத்தான்.

உருளி | பிப்ரவரி 5, காலை 7:45
துடுப்பு நீளம் அதற்கு மட்டுமில்லை. கடைசிக் கட்டத்தில் கையால் கிண்ட முடியாது, உடம்பு எடையைச் சாய்த்துத்தான் தள்ள வேண்டும். கட்டை குட்டையாக இருந்தால் நெம்பு கிடைக்காது.

சட்டுவம் | பிப்ரவரி 5, காலை 8:10
ஒப்புக்கொள்கிறேன். இதுதான் முக்கியக் காரணம், நான் சொன்னது இரண்டாவது.

கேள்விக்காரர் | பிப்ரவரி 5, மாலை 6:30
வீட்டில் செய்து பார்த்துவிட்டுப் போனால் அங்கே பார்ப்பது புரியும் என்று தோன்றுகிறது. அளவு சொல்லுங்கள்.

சட்டுவம் | பிப்ரவரி 5, இரவு 11:00
வீட்டு அளவு, ஊர்ச் சட்டி அளவு இல்லை. ஒட்டரிசி மாவு 250 கிராம். தேங்காய்ப்பால் மொத்தம் 1 லிட்டர், அதில் தலைப்பால் 400 மில்லி, இரண்டாம் பால் 600 மில்லி. கருத்த பழுப்புச் சர்க்கரை 500 கிராம். உப்பு ஒரு சிட்டிகை.

மாவை இரண்டாம் பாலில் பாதியில் ஆறின நிலையில் கரைத்து வடிகட்டி வையுங்கள். மீதி இரண்டாம் பாலில் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சி அதையும் வடிகட்டுங்கள். சுத்திகரிக்காத சர்க்கரையில் கரும்பு நாரும் மண்ணும் இருக்கும், பல்லில் நறநறக்கும். அடி கனத்த சட்டியில் பாகையும் தலைப்பாலையும் சேர்த்து மிதமான தீயில் சூடாக்கி, மாவுக் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றியபடியே கிண்ட வேண்டும். பிறகு நிறுத்தவே கூடாது. 1 மணி நேரத்துக்குக் குறையாது. 20 நிமிடத்தில் கெட்டியாகிவிட்டதே என்று இறக்கினால் அது கலமாய் இல்லை, தித்திப்புக் களி.

உருளி | பிப்ரவரி 6, காலை 6:15
காய்ச்சிய தேங்காய்ப்பால் சர்க்கரைப் பாகைத்தானே அங்கே லாத்திக் என்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு சந்தேகம். மணிலாப் பக்கம் லாத்திக் என்றால் பலகாரத்தின் மேல் தூவுகிற பழுப்புப் பொரியல் ஆயிற்றே?

சட்டுவம் | பிப்ரவரி 6, காலை 7:00
இரண்டும் சரி. லூசோன் தீவில் லாத்திக் என்றால் தலைப்பாலை எண்ணெய் பிரியக் காய்ச்சினால் அடியில் சிவக்கிற கசடு. நம் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சும்போது பிள்ளைகள் சண்டை போடுகிற கசண்டு மாதிரி. விசயா தீவுகளில் லாத்திக் என்றால் பாகு. போஹோல் விசயாவில் இருக்கிறது. அங்கே போய் "லாத்திக் தூவிக் கொடுங்கள்" என்றால் பாகை எப்படித் தூவுவது என்று விழிப்பார்கள். கலமாய் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இலோயிலோ, பகோலோட் பக்கத்து ஹிலிகாய்னோன் மொழியில் கலமாய் என்றால் சர்க்கரை. கடையில் கலமாய் கேட்டால் சர்க்கரைப் பொட்டலம் வரும்.

உருளி | பிப்ரவரி 6, காலை 7:20
அப்படியானால் கலமாய்க்குக் கலமாய் எவ்வளவு கலமாய் என்று கேட்கலாம்.

கேள்விக்காரர் | பிப்ரவரி 8, இரவு 9:50
செய்தேன். சரியாக வரவில்லை. சாமான் எல்லாம் சொன்ன அளவுதான். ஆறியதும் கத்தி இறங்காத அளவுக்கு இறுகிவிட்டது. தித்திப்பும் தொண்டையைப் பிடிக்கிறது. மாவு, இடியாப்பத்துக்கு வைத்திருந்த பச்சரிசி மாவு.

சட்டுவம் | பிப்ரவரி 8, இரவு 10:15
கடைசி வரிதான் நோய். பச்சரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து இருக்கிறது. வெந்து ஆறினால் அது மறுபடி இறுகும். பழைய சோறு விறைப்பது அதனால்தான். ஒட்டரிசியில் அது அநேகமாகவே இல்லை, கிளைகிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின்தான். அதனால்தான் ஆறிய பிறகும் இழுபடுகிறது. மாற்று மாவு கிடையாது. மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் புலுட் அரிசி என்று கேட்டால் கிடைக்கும். செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் ஒட்டுகிற அரிசிதான், ஆனால் மேல் தவிட்டோடு அரைத்தால் நாக்கில் உரசும், நிறமும் ஊதாக் கருப்பாக வரும்.

தித்திப்புக்கு நான் பொறுப்பு. 500 கிராம் அதிகம். 400 கிராம் போதும். ஓட்டில் அடைத்து நாள்கணக்கில் வைக்கிற கணக்கை வீட்டுக்கும் எழுதிவிட்டேன். சர்க்கரை கூடினால் மாவு வேகவும் அதிகச் சூடு, அதிக நேரம் தேவை. குறைத்தால் அந்த வகையிலும் லாபம்.

சட்டுவம் | பிப்ரவரி 9, காலை 5:40
பதம் பார்க்கத் தடுமாறுகிறவர்களுக்குத் தராசு வழி ஒன்று இருக்கிறது. வெறும் சட்டியை முன்பே எடை போட்டு வையுங்கள். 250 மாவு, 400 சர்க்கரை, 1 லிட்டர் பால், ஆக உள்ளே போவது ஏறக்குறைய 1,650 கிராம். இது 1 கிலோ சுற்றுக்கு வந்ததும் இறக்கலாம். 600 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் போயிருக்க வேண்டும். 1,200-இல் இறக்கினால் கரண்டியில் வழியும், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். 900-க்குக் கீழே போனால் ஓட்டிலிருந்து தோண்டி எடுக்க உளி வேண்டும்.

டின் பால் பயன்படுத்தினால் இந்த எண் பொருந்தாது. அதில் கொழுப்பு அதிகம், தண்ணீர் குறைவு. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொண்டால் கிட்டத்தட்ட சரியாக வரும்.

உருளி | பிப்ரவரி 9, காலை 8:30
அரிசியை ஊறவைத்து அரைக்கிறவர்களுக்கும் பொருந்தாது. 250 கிராம் ஒட்டரிசி ஊறினால் 330-ஐ நெருங்கும், அரைக்க விடுகிற தண்ணீர் வேறு. தொடங்கும்போதே மொத்தத்தையும் எடை போட்டுக்கொள்வது நல்லது. முடிவு எடை மட்டும் மாறாது. ஆனால் ஈர மாவுதான் கட்டி தட்டாது, ருசியும் அதில்தான். பொட்டலத்து உலர் மாவு கிண்டக் கிண்ட ஒரே மாதிரி வழவழவென்று போய்விடும்.

சட்டுவம் | பிப்ரவரி 9, காலை 8:41
மாவு விஷயத்தில் சண்டைக்கு வரவில்லை. அடிப்பிடித்தால் மட்டும் ஒன்று: சுரண்டாதீர்கள். அடியில் கருகியது அங்கேயே இருக்கட்டும், மேலே உள்ளதை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள். ஒரே ஒரு சுரண்டல் மொத்தத்தையும் கசக்க வைத்துவிடும். மாவு அடியில் தங்குகிற முதல் 10 நிமிடத்தில்தான் பெரும்பாலும் பிடிக்கும். கடைசியில்தான் கவனம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

கேள்விக்காரர் | பிப்ரவரி 12, மாலை 7:05
இம்முறை வந்தது. 1,010 கிராமில் இறக்கினேன். இழுபடுகிறது. கொட்டாங்கச்சி வேண்டும் என்று பிள்ளைகள் அடம். எப்படித் தயார் செய்வது?

சட்டுவம் | பிப்ரவரி 12, இரவு 10:30
இதுதான் வேலையில் பாதி. முற்றின காயாக, நார் உரித்து, குறுக்கே நடுவில் கோடு போட்டு அதன்மேல் சுற்றிச் சுற்றித் தட்டி உடையுங்கள். வாய் நெளிந்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. ரம்பத்தால் அறுத்தால் இன்னும் நேராக வரும். பருப்பைச் சுரண்டிய பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் துளிகூட இருக்கக் கூடாது, அதில் இருக்கிற எண்ணெய்தான் முதலில் சிக்கு நாற்றம் அடிக்கும். வெளியே நாரை உடைந்த கண்ணாடி விளிம்பாலோ உப்புத்தாளாலோ வழித்து வழவழப்பாக்குங்கள். கண்ணாடி வெளிப்பக்கத்துக்கு மட்டும், உள்ளே கொண்டு போகாதீர்கள். பிறகு 10 நிமிடம் கொதிநீரில் போட்டு, 2 நாள் வெயிலில் காயவிடுங்கள்.

ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும். இரண்டு கெட்டி, ஒன்று மெத்து. தென்னம்பிள்ளை முளைக்கிற கண் அது. அதைக் குச்சியால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும், சூடான கலமாயும் அதே வழியாக வெளியே இறங்கும். முதலில் ஒரு நெல்லி அளவு கலமாயைக் கெட்டியாக உருட்டி அந்தக் கண்ணில் அழுத்தி ஆறவிட்டுப் பிறகு நிரப்புங்கள். இல்லையென்றால் கண்ணில்லாத பாதியை மட்டும் நிரப்பி, மற்றதை மூடியாக வைத்துக்கொள்ளலாம்.

சூடாக ஊற்றுங்கள், சூடாக மூடாதீர்கள். ஆவி மேல் ஓட்டில் வேர்த்துச் சொட்டினால் அந்த இடத்தில்தான் பூசணம் தொடங்கும். ராத்திரி முழுக்க மெல்லிய துணி போட்டு ஆறவைத்து, காலையில் மூடிப் பட்டி ஒட்டுங்கள்.

உருளி | பிப்ரவரி 12, இரவு 11:10
சிவப்புத் தாள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரக் கையால் தொட்டால் சாயம் விடும். ஹக்னாவில் வாங்கி வெள்ளைச் சட்டைகளோடு பெட்டியில் வைத்தால் ஊர் திரும்பும்போது ஹோலி கொண்டாடிய மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டுங்கள்.

கேள்விக்காரர் | பிப்ரவரி 13, காலை 7:30
விமானத்தில்?

சட்டுவம் | பிப்ரவரி 13, காலை 7:55
கைப்பையில் வைக்காதீர்கள். கூழ், பசை வகை என்று தடுத்தால் வாதாட முடியாது, எக்ஸ்ரேயில் உருண்டையாக வேறு தெரியும். சரக்குப் பெட்டியில் போடுங்கள். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளுக்குப் போகிறவர்கள் உணவு என்றும் தாவரப் பொருள் என்றும் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும், ஓடும் அதில் சேர்த்தி.

குளிர் அறையில் கல்லாகிவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அவ்வளவுதான். ஓட்டோடு இட்லிச் சட்டியில் 10 நிமிடம் வைத்தால் இளகும். புளித்த வாடையோ மூட்டு ஓரத்தில் சாம்பல் புள்ளியோ இருந்தால்தான் குப்பை. வீட்டில் செய்ததை வெளியே வைத்து 1 வாரத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

உருளி | பிப்ரவரி 13, மதியம் 12:20
இதைப் படித்துக்கொண்டு வரும்போது கீழக்கரைத் தொதல் ஞாபகம்தான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம், எண்ணெய் பிரியும் வரை கிண்டல். இலங்கையிலும் தொதல்தான், மலாய்க்காரர்களுக்கு டோடோல். ஒரே குடும்பம். தொதலைத் துண்டு போடுகிறோம், கலமாயைத் தோண்டித் தின்கிறோம்.

சட்டுவம் | பிப்ரவரி 13, மதியம் 12:48
குடும்பம் ஒன்றுதான். துண்டு போட முடிவது வற்றல் அளவைப் பொறுத்தது, மாவையும் பொறுத்தது. பிலிப்பைன்ஸிலேயே எல்லாக் கலமாயும் ஓட்டில் வருவதில்லை. இலோகோஸ் பக்கத்துக் காந்தோன் நகரமும் கலமாய்க்குப் பேர் போனது, அங்கே ஓடு கிடையாது. கொட்டாங்கச்சி ஹக்னாவின் அடையாளம்.

2021 டிசம்பரில் ஒடெட் புயல் போஹோலில் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நெட்டைத் தென்னை புதிதாக நட்டால் காய்க்க 6 வருடமாவது ஆகும். இந்த இனிப்பில் பாலும் தேங்காய், டப்பாவும் தேங்காய், அடுப்பெரிக்கிற மட்டையும் ஓடும்கூடத் தேங்காய். ஆகவே விலையை மூக்கால் அழுது பேரம் பேசாதீர்கள்.

கேள்விக்காரர் | பிப்ரவரி 27, இரவு 8:15
போய்விட்டு வந்தோம். சட்டி கண்டோம், துடுப்புத் தடமும் கண்டோம். கூட வந்தவர் 6 ஓடு வாங்கினார், அதுவே பதில். பட்டியைக் கிழித்து மூட்டில் கத்தி முனை கொடுத்து நெம்பினால் திறக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகு ஓட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதை எப்படி எடுப்பது? கரண்டி வளைகிறது.

சட்டுவம் | பிப்ரவரி 27, இரவு 8:32
ரொட்டித் துண்டால் வழிக்கலாம். அதைவிடச் சுலபம், சூடான கட்டங்காப்பியை ஓட்டுக்குள்ளேயே ஊற்றிக் கலக்கிக் குடித்துவிடுவது. சர்க்கரை, பால் இரண்டும் அதிலேயே இருக்கிறது.

கேள்விக்காரர் | பிப்ரவரி 27, இரவு 9:04
ஊற்றினேன். மடியில் கொட்டிவிட்டது.

உருளி | பிப்ரவரி 27, இரவு 9:06
கண்ணுள்ள பாதியா?

கேள்விக்காரர் | பிப்ரவரி 27, இரவு 9:11
கண்ணுள்ள பாதிதான்.